ரேகை தேய்ந்த கைகளுக்கு இருநூறு ரூபாய்

சேரியில் இதை முதியோர் பணம் என்பார்கள். அரசாங்கம் 'உதவித்தொகை' என்கிறது. பெயர் வைத்ததிலேயே வஞ்சகம் தொடங்கிவிடுகிறது. நாத்து நட்டு, களை பறித்து, கல் உடைத்து, ஊர்ச் சாக்கடை அள்ளித் தேய்ந்த உடம்புக்கு இந்த நாடு வைத்திருக்கும் பாக்கி அது. பாக்கியைத் திருப்பிக் கொடுப்பவன் எப்படி உதவி செய்பவன் ஆவான்?

கணக்கைப் பார்ப்போம். 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய சமூக உதவித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது முதியவருக்கு மாதம் 75 ரூபாய். 2006இல் அது 200 ஆயிற்று. அதற்குப் பிறகு எத்தனை நிதியமைச்சர்கள், எத்தனை பட்ஜெட்! 79 வயது வரை உள்ளவர்களுக்கு டெல்லி தரும் பங்கு அதே 200தான். எண்பதைத் தொட்டால் 500. சேரியில் எத்தனை பேர் எண்பதைத் தொடுகிறார்கள் என்று தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ. 2014-15 பட்ஜெட்டில் பத்தாயிரம் கோடிக்கு மேல் பெற்ற இத்திட்டத்துக்கு 2025-26இல் ஒதுக்கியது 9,652 கோடி. விலைவாசி ஏற ஏறத் தொகையை அப்படியே விட்டுவைப்பதும் வெட்டுத்தான். சத்தம் வராத வெட்டு.

அந்தப் பணத்திலும் கை வைத்தார்கள். 2017இல் இத்திட்டத்தின் நிதியில் 2.83 கோடி ரூபாய் வேறு திட்டங்களின் விளம்பரப் பலகைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்லிற்று. அவற்றுள் தூய்மை இந்தியா பிரச்சாரமும் ஒன்று. வாழ்நாளெல்லாம் இந்தியாவைத் தூய்மை செய்தவர்களின் கஞ்சிக் காசில் தூய்மை இந்தியாவுக்குப் பலகை!

மாநில அரசை மட்டும் விட்டுவிட முடியுமா? 2011இல் 1,000 ரூபாய். 2023இல் 1,200. பன்னிரண்டு வருஷத்துக்கு 200 ரூபாய். மனு போட்டால் "புள்ள இருக்கானே, அவன் கஞ்சி ஊத்த மாட்டானா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையே கேரளாவிலோ திருப்பூரிலோ கூலிக்குக் கிடக்கிறான். அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை அவர் பிள்ளையின் சம்பளத்தைப் பார்த்தா நிறுத்துகிறார்கள்?

அந்தப் பணம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. சர்க்கரை மாத்திரை, வெத்திலை பாக்கு, பேரப்பிள்ளைக்கு ஒரு பொரி உருண்டை. கடைக்காரன் நம்பிக் கடன் தருவது அந்தப் பணத்துக்காக. "இன்னாத்துக்கு இந்தக் கிழத்துக்குச் சோறு" என்று முணுமுணுக்கிற வீட்டில் ஆயா தன் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வது அந்தப் பணத்தின் தைரியத்தில். ஒரு மாசம் வராவிட்டால் தட்டு தானாகவே சின்னதாகிவிடும்.

விரலை வைத்தால்தான் பணம் என்று கருவி வந்ததே, அதில் நம் ஆயாக்களின் ரேகை விழுவதில்லை. வைக்கிறாள், துடைக்கிறாள், மறுபடி வைக்கிறாள். "நாளைக்கு வா" என்கிறான். சேத்திலும் சுண்ணாம்பிலும் ரேகை போனது யாருடைய வயலுக்கு, யாருடைய வீட்டுக்கு?

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியபோது பத்திரிகைகளில் கடிதங்கள் குவிந்தன. நியாயம்தான், திருப்பித் தரட்டும். ஆனால் பென்ஷனும் பி.எஃப்.பும் இல்லாத, கையகல நிலம்கூட இல்லாத கிழவிக்காக அதில் கால்வாசி மை செலவானதா? நம் பக்கங்களில்கூட அதிகம் எழுதவில்லை. முதுமையை வீட்டுச் சங்கதியாக விட்டுவிட்டோம்.

'இலவசம் கொடுத்தே நாடு கெட்டது' என்று பேசுபவர்கள் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவைப் படிக்கட்டும். முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமை அதில் இருக்கிறது. 'அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற வரியும் இருக்கிறது. அந்த வரிக்குள்தான் எல்லா அரசுகளும் ஒளிந்துகொள்கின்றன. கம்பெனிகளுக்கு வரியைக் குறைக்கும்போது மட்டும் திறன் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். நம் தெருவிலிருந்து எத்தனை மனு போனது, எத்தனை தள்ளப்பட்டது, யார் பெயர் எந்த மாதத்தில் அடிக்கப்பட்டது என்று பெயர் பெயராகக் கேளுங்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மத்தியப் பங்கை உயர்த்தவும், 'ஆதரவற்ற' என்ற நிபந்தனையை எடுக்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஆயாக்களையும் கூட்டிப்போங்கள். கையெழுத்துக்குப் பதில் அவர்கள் வைக்கிற மை ரேகை அந்தப் பதிவேட்டிலாவது விழட்டும்.