பதிவை ஊழியரும் பார்க்கட்டும்

2025 ஆகஸ்ட் 17இல் தொடங்கிய இலங்கைத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் ஒரு வாரம் நீடித்தது. தொழிற்சங்கங்கள் முன்வைத்த கோரிக்கைகள் 19. ஊர் பேசியதோ இரண்டைத்தான்: வரவைப் பதியும் கைவிரல் அடையாள இயந்திரம், மேலதிக நேரக் கொடுப்பனவு. “ஒழுங்காக வேலை செய்பவனுக்கு விரல் வைக்க என்ன பயம்?” என்று தேநீர்க் கடையில் கேட்டார்கள். நம் துறையின் மனிதவள முகாமையாளர்கள் பலரும் அதையே கேட்டார்கள். தேநீர் குடிப்பவர் கேட்கலாம். சம்பளப் பட்டியலில் ஒப்பமிடும் நாம் அப்படிக் கேட்டுவிட்டு நகர முடியாது.

நம் திருகோணமலையில் வேலை என்றால் பெரும்பாலும் கைவேலை. சீனக்குடாப் பக்கம் மாவு ஆலை, சீமெந்து ஆலை. துறைமுகத்தில் சரக்கு இறக்கம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ், வலை, மீன்கூடை. மூடை தூக்கியும் கயிறு இழுத்தும் ரேகை தேய்ந்த விரலையும், ஐஸ் அள்ளிச் சுருங்கிய விரலையும் இயந்திரம் முதல் தடவையில் எடுப்பதில்லை. ஆள் விரலைச் சாரத்தில் துடைக்கிறார், ஊதுகிறார், மறுபடி வைக்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. ஆறு மணிக்கே வாசலில் நின்றவர் பிந்தி வந்தவராகப் பதிவாகிறார். பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு உண்மை தெரியும். ஆனால் அவர் சொல்வதை ஏற்றிக்கொள்ள மென்பொருளில் இடமிருக்காது. இருந்தாலும் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நம்பிக்கை முதலில் உடைவது இங்கேதான். நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று இரு பக்கமும் பொறுப்புச் சொன்ன மனிதரின் வார்த்தை செல்லாமல் போகிறது.

இயந்திரத்துக்கு முந்திய வரவுப் புத்தகம் சுத்தமாக இருந்தது என்று யாரும் வாதிடவில்லை. வராதவருக்கு நண்பர் ஒப்பம் வைத்த கதை எல்லா அலுவலகத்திலும் உண்டு. 2017இல் அரச அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை மூலம் கைவிரல் இயந்திரம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் நேரம் கழிப்பதைவிட, பதிவு யார் கையில் இருக்கிறது, எதற்காக எடுக்கப்பட்டது, பிறகு எதற்கெல்லாம் போகிறது என்று பார்ப்பது பயன் தரும். இதற்கு நம் துறைமுகத்திலேயே ஒரு பாடம் கட்டிக்கிடக்கிறது.

பலநாள் படகுகளில் பொருத்தப்படும் செய்மதிக் கண்காணிப்புக் கருவியைச் சொல்கிறேன். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாக ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியில் நம் மீன் ஏற்றுமதிக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்க முறையான ஏற்பாடு இல்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கருவிகள் பொருத்தப்பட்டன, சட்டம் திருத்தப்பட்டது, 2016 ஜூனில் தடை நீங்கியது. மீனவருக்கு அந்தப் பெட்டியின் அர்த்தம் அப்போது தெளிவாக இருந்தது: இது இருந்தால்தான் சூரைக்கு ஐரோப்பிய விலை கிடைக்கும்.

பிறகு அர்த்தம் மாறியது. பொருளாதார நெருக்கடியில் 2022இல் ஆட்கள் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட, 4,000க்கும் மேற்பட்ட படகுகளுக்குக் கருவி தருவதாக அந்த நாடு அறிவித்தது. நோக்கம் ஆட்கடத்தலைத் தடுப்பது. மீன் எங்கே பிடிக்கப்பட்டது என்று காட்ட வந்த புள்ளி, படகில் யார் இருக்கிறார்கள் என்ற சந்தேகத்தின் புள்ளியாகவும் ஆயிற்று. ஆட்கடத்தலைத் தடுக்க வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் பெட்டியைச் சுமக்கிறவருக்கு அதன் புது வேலையை யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

இதில் தொழில் உறவு சார்ந்த சங்கதியும் உண்டு. நம் வாசகர்கள் அதையே கவனிக்க வேண்டும். படகு உரிமையாளர் கரையில் இருக்கிறார். ஓட்டியும் ஆட்களும் வாரக்கணக்கில் கடலில். செலவு போக மிஞ்சுவதில் பங்கு. ஓட்டியின் உண்மையான முதல், எந்தப் பருவத்தில் எந்த இடத்தில் மீன் நிற்கும் என்ற அறிவு. படகு நின்ற இடமெல்லாம் உரிமையாளரின் கைபேசியில் புள்ளியாக விழுந்தால் அந்த முதல் சத்தமில்லாமல் கைமாறுகிறது. அடுத்த பயணத்துக்குக் குறைந்த பங்குக்கு இன்னொரு ஓட்டியை அனுப்பலாம். இந்த அறிவுக்குக் கூலி எங்கும் எழுதப்படவில்லை. எனவே ஓட்டி கருவியை அணைக்கப் பார்த்தால் அதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் குறிப்பெழுதிவிட முடியாது. அதே தடம் ஓட்டியைக் காக்கவும் கூடும்: இயந்திரம் பழுதாகிப் படகு இழுபடும்போது, எல்லை தாண்டியதாகப் பொய்யாகப் பிடிபடும்போது. அதற்கு அந்தத் தடத்தின் பிரதி அவர் கையிலும் இருக்க வேண்டும்.

பெரிய கப்பல்களிலும் இதே நோய்தான். கடலோடிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம் என்பது சர்வதேச விதி. ஓய்வு நேரத்தை மென்பொருளில் பதிகிறார்கள். விதி மீறினால் திரை சிவக்கிறது. உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, பதிவைத் ‘திருத்தி’ எழுதுவது கப்பல்களில் வழக்கமாகிவிட்டதைக் காட்டியது. வேலையைக் குறைக்க ஆள் இல்லாதபோது எண்ணைக் குறைக்கிறார்கள். பார்வைக்காகச் செய்யப்பட்ட பதிவைப் பார்த்துக்கொண்டு முகாமையாளர் நிம்மதியாக இருக்கிறார்.

அளவு மிஞ்சிய கண்காணிப்புக்குத் தண்டமும் உண்டு. பிரான்ஸில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அமேசான் களஞ்சிய நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ தண்டம் விதித்ததை 2024 ஜனவரியில் அறிவித்தது. ஊழியரின் ஸ்கேனர் பத்து நிமிடம் சும்மா இருந்தால்கூட எண்ணிய அளவுக்குக் கண்காணிப்பு மிஞ்சிப்போனது என்பது காரணங்களில் ஒன்று. நம்மிடமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; கைரேகை போன்ற உயிரியல் அடையாளத் தரவை அது விசேட வகையில் வைக்கிறது. முக்கிய பாகங்கள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. சட்டம் முழுதாக வரும்வரை காத்திருப்போம் என்று சொல்கிற நிறுவனங்களைப் பார்க்கிறோம். ஊழியரின் விரலை எடுக்க அவை காத்திருக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தின் அடுத்த கொள்வனவுக் கூட்டத்தில் மென்பொருள் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். ஊழியர் தன் பதிவைத் தானே, தன் மொழியில், பார்க்க முடியுமா? பிழையை மேற்பார்வையாளர் அன்றே திருத்த முடியுமா? வரவுக்காக எடுத்த தரவை வேறு எதற்கும் எடுத்தால் ஊழியருக்குத் தெரியவருமா? ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.