தெர்மாகோல் ராக்கெட்டுகள் போதும்!

 

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திருச்செந்தூருக்குத் தெற்கே அந்த ஊர், வடக்கே காயல்பட்டினம். ஒரு காலத்தில் அரபு நாட்டுக் கப்பல்கள் வந்து நின்ற கடற்கரை அது. அடிக்கல் செய்தியைக் கேட்டதும் நம் கடைவீதிகளில் எழுந்த பேச்சு என்ன? சென்ட் என்ன விலைக்குப் போகும்? லாட்ஜ் கட்டினால் ஓடுமா? ஊழியர்களுக்குச் சாப்பாடு போடும் காண்டிராக்ட் யாருக்கு?

பிரியாணி போடுவது இழிவான தொழில் என்று நாம் சொல்லவில்லை. ஹலாலான எந்தத் தொழிலும் இழிவல்ல. ஆனால் உள்ளே நின்று ராக்கெட்டை ஏவப் போகிறவன் யார், வாசலில் நின்று பார்சல் கட்டப் போகிறவன் யார் என்று எந்த வாப்பாவாவது ஒரு நிமிடம் யோசித்தாரா?

ஏன் குலசேகரன்பட்டினம்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ராக்கெட் விட்டால் அது இலங்கைக்கு மேலே போகும். அதைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். வளைந்தால் எரிபொருள் வீண். சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் சுமை பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்தான். ஓர் உலக உருண்டையையும் ஒரு முழம் நூலையும் கையில் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பையன் இதைத் தானே கண்டுபிடிப்பான். நாம் அவனிடம் கேட்பதோ, ‘குலசேகரன்பட்டினம் எந்த மாவட்டத்தில் உள்ளது?’ என்ற ஒரு மார்க் கேள்வி!

கண்காட்சியா, கண்துடைப்பா?

நம்மவர்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களின் அறிவியல் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். வரிசையாக தெர்மாகோல் ராக்கெட்டுகள். மேலே வெள்ளிப் பேப்பர், கீழே சீரியல் லைட். செய்தது அண்ணன், அல்லது ஸ்டேஷனரி கடைக்காரர். பிள்ளை செய்ததெல்லாம் பக்கத்தில் நின்று, மனப்பாடம் செய்த நான்கு ஆங்கில வாக்கியங்களை ஒப்பித்ததுதான். ‘இது ஏன் கூம்பாக இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை டீச்சரைப் பார்க்கும். டீச்சர் சிறப்பு விருந்தினரைப் பார்ப்பார். சிறப்பு விருந்தினர் ஷீல்டைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறுவார்!

இதற்கு டீச்சரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டச் சொன்னது நிர்வாகக் குழு. அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்தானே?

மேடை ஏறினால் மட்டும் நம் பேச்சாளர்களுக்கு வாய் வலிப்பதில்லை. அல்-ஸூஃபி 964-ல் நட்சத்திரங்களைப் பற்றி நூல் எழுதினார். உலூக் பேக் சமர்கந்தில் வானாய்வுக்கூடம் கட்டினார். அல்டெபரான், வேகா, அல்டைர் எல்லாம் அரபுப் பெயர்கள்... உண்மைதான். அந்தப் பேச்சாளரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், ‘ஹஜ்ரத், அல்டெபரான் எங்கே இருக்கிறது? கொஞ்சம் காட்டுங்கள்’ என்று கேட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு ரமலானிலும் பிறை பார்த்தாயிற்றா இல்லையா என்று ஊர் இரண்டுபடுகிறது. ஒரு மாதம் முழுக்க தினமும் பிறையைப் பார்த்து, நேரம், திசை, உயரம், வடிவம் எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்த ஒரு பிள்ளையை உங்கள் மஹல்லாவில் காட்ட முடியுமா?

ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். புரியவில்லை என்றார்கள் மாணவர்கள். திட்டவில்லை, நோட்ஸ் கொடுக்கவில்லை. கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார். அந்த வகுப்பில் இருந்தவர் அப்துல் கலாம். தன் வாழ்க்கையின் பாதை அங்கேதான் தொடங்கியது என்று அவர் பின்னாளில் பலமுறை சொன்னார். கலாம் படத்தை மாட்டாத பள்ளிக்கூடம் நம்மிடம் இல்லை. கடற்கரைக்குக் கூட்டிப் போகும் பள்ளிக்கூடம் எத்தனை?

1973-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்துக்கு இரண்டு சிலந்திகள் போயின. அனுப்பச் சொன்னது விஞ்ஞானி அல்ல. ஜூடித் மைல்ஸ் என்ற பள்ளி மாணவி. எடையில்லாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமா என்பது அவளுடைய கேள்வி. முதலில் தடுமாறின, பிறகு பின்னின. அவளுக்கு அந்தக் கேள்வியை யாரும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கா வேண்டாம். கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி நமக்குத் தெரிந்த ஊர்தானே! அந்த ஊர் ரிபாத் ஷாரூக் 18 வயதில் தன் தோழர்களோடு உருவாக்கிய 64 கிராம் ‘கலாம்சாட்’ 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட்டில் பறந்தது. அது பூமியைச் சுற்றியது என்று சிலர் எழுதினார்கள். அது சரியல்ல. சற்று நேரம் விண்வெளியைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கும் ராக்கெட் அது. முப்பரிமாண அச்சில் வார்த்த கார்பன் இழைக் கூடு அந்தப் பயணத்தைத் தாங்குமா என்று சோதித்தார்கள். பொய்ப் பெருமை எதற்கு? உண்மையே போதுமான அளவு பெரிது!

செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்த நிகார் ஷாஜிதான் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். 2023 செப்டம்பர் 2-ல் அது புறப்பட்டபோது ‘நம்ம ஊர்ப் பெண்’ என்று இனிப்பு வழங்கியவர்களே, உங்கள் வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்தபோது என்ன சொன்னீர்கள்?

‘இதெல்லாம் சோறு போடுமா?’

வியாபாரிகள் இதைக் கேட்பார்கள் என்று தெரியும். கணக்காகவே பதில் சொல்வோம். 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்களிப்போடு ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோள் உருவானது. திருமங்கலத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று அதைச் சுமந்த ராக்கெட் தவறான பாதையில் விட்டதால் செயற்கைக்கோள் அழிந்தது. அழுதுகொண்டு உட்காரவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. சரக்கு மூழ்கினால் மறு சரக்கு போடத் தெரிந்தவன்தானே வியாபாரி? அந்தப் பாடத்தை எந்த டியூஷனில் விற்கிறார்கள்?

செலவைப் பார்ப்போம். 2025-ல் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் முளைக்க வைத்தவை வெந்தயமும் பச்சைப்பயறும். உங்கள் மளிகைக் கடை மூட்டையில் இருக்கிற அதே சரக்கு! பூமியில் வேர் கீழ் நோக்கி வளர்வது ஈர்ப்பு விசையை உணர்வதால். மெதுவாகச் சுழலும் சிறு மோட்டார் ஒன்றை ரிப்பேர் கடையில் வாங்கி, அதன் அச்சைக் கிடையாகப் படுக்க வைத்து, அதில் ஈரப் பஞ்சும் பயறும் வைத்த டப்பாவைச் சுழலவிட்டால் வேருக்குத் திசை தெரியாமல் போகும். சுழலாத டப்பா ஒன்று பக்கத்தில். தினமும் அளவெடுத்து எழுதட்டும். ஒரு பெருநாள் சட்டைக்கு ஆகும் பணம்கூட இதற்கு ஆகாது.

ஆகவே ஆண்டு விழாவுக்குப் பணம் தரும் வணிகர்களிடம் கேட்கிறோம். இந்த ஆண்டு நிபந்தனையோடு கொடுங்கள். தெர்மாகோலுக்குப் பரிசு கிடையாது. கேள்வியைப் பிள்ளை எடுக்க வேண்டும். மூன்று மாதம் எழுதிய நோட்டுக்குத்தான் பரிசு. சோதனை தோற்றுப் போயிருந்தாலும் பரிசு உண்டு. பட்டதாரி இளைஞர்களே, வாரம் ஒரு மாலை மொட்டை மாடியில் ஐந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். விடை சொல்லாதீர்கள், அளக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் உங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மறைவதைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2019-ல் இஸ்ரோ ‘யுவிகா’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமல்ல, அறிவியல் கண்காட்சியில் பங்கெடுத்ததும் கணக்கில் சேரும். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. உங்கள் ஊரிலிருந்து இதுவரை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நிர்வாகிகளிடம் கேளுங்கள்.