எழுத மறந்த விதி

சட்டம் எழுதுகிறவர்கள் சில விஷயங்களை எழுதாமலே விட்டுவிடுவதுண்டு. "இதைக்கூடவா சொல்ல வேண்டும்?" என்ற எண்ணமே அதற்குக் காரணம். அப்படி விட்டுப்போன ஒரு வரியினால், 1902-ஆம் வருஷம் லண்டனில் நடந்த உலகப் பனிச்சறுக்கு நடனப் போட்டியில் பெரியவர்கள் பலர் சங்கடத்துக்கு ஆளானார்கள்.

பனிச்சறுக்கு நடனம் என்றதும், வாத்திய இசைக்கேற்பச் சுழன்று, துள்ளிக் குதித்து ஆடும் காட்சிதான் இன்று மனக்கண்முன் வரும். அக்காலத்திலோ மார்க்குகளில் பெரும் பங்கு வேறொன்றுக்கு இருந்தது. பாதரட்சையின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் விளிம்பினால் பனிக்கட்டியில் வட்டமும் எட்டும் வரைய வேண்டும். வரைந்த கோட்டின் மேலேயே மறுபடியும் போக வேண்டும். கோடு பிசகினால் மார்க் போயிற்று. நம் வீட்டுப் பெண்மணிகள் வாசலில் போடும் இழைக்கோலத்தைக் கையால் அல்ல, ஒற்றைக் காலால் போடுவதாக நினைத்துக்கொண்டால் ஒருவாறு விளங்கும். 1990-ஆம் வருஷத்துக்குப் பிறகே உலகப் போட்டியிலிருந்து இந்தப் பகுதி நீங்கிற்று.

1892-இல் ஸ்தாபிதமான சர்வதேசச் சறுக்குச் சங்கம், 1896 முதல் உலகப் போட்டியை நடத்தத் தொடங்கியது. கலந்துகொண்டவர்கள் அனைவரும் புருஷர்கள். 1902-இல் ஸ்ரீமதி மாட்ஜ் ஸையர்ஸ் என்னும் இருபது வயது ஆங்கில மாது தம் பெயரையும் கொடுத்தார். அதிகாரிகள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஸ்திரீகள் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை! வேறு வழியின்றி அனுமதித்தார்கள்.

போட்டியிட்டவர்கள் நால்வர். முதலிடம் ஸ்வீடன் தேசத்து உல்ரிக் சால்கோவுக்கு. இரண்டாமிடம் ஸ்ரீமதி ஸையர்ஸுக்கு. ஜெர்மானியரான மார்ட்டின் கோர்டான் அவருக்கும் பின்னால்தான். சால்கோவிடம் தோற்பதில் குறைவொன்றுமில்லை. பத்துத் தடவை உலகப் பட்டம் பெற்றவர் அவர்.

மறு வருஷமே சங்கம் கூடி, ஸ்திரீகள் கலந்துகொள்ளலாகாது என்று தீர்மானித்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களை நேயர்கள் கேட்க வேண்டும். அவர்களுடைய நீண்ட பாவாடை காலை மறைப்பதால் நீதிபதிகளால் பாதத்தைப் பார்க்க முடியாதாம். கோட்டைப் பார்த்து மார்க் போட வேண்டியவர்களுக்கு, கோடு பனிக்கட்டியில் பதிந்துதானே கிடக்கிறது? நீதிபதி தமக்குப் பிரியமான பெண்ணுக்கே தீர்ப்புச் சொல்ல நேரலாமாம். அப்படியானால் விலக்க வேண்டியது நீதிபதியை அல்லவோ! ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டு மதிப்பிடுவது கஷ்டம் என்பது மூன்றாவது ஆக்ஷேபம். ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாமிடம் கொடுத்த பிறகு தோன்றிய கஷ்டம் இது என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பிரிட்டிஷ் தேசியப் போட்டியில் இந்தத் தடை இல்லை. 1903-இல் அங்கே ஆண்களையெல்லாம் வென்று பட்டம் பெற்றார் ஸ்ரீமதி ஸையர்ஸ். 1904-இல் மறுபடியும் வென்றார். அந்தத் தடவை அவரிடம் தோற்றவர் அவருடைய சொந்தக் கணவர் எட்கர் ஸையர்ஸ். இருவரும் ஒரே வண்டியில்தான் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நம்புகிறோம்.

சங்கம் பிறகு சற்று இறங்கிவந்து, 1906-இல் ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸ் நகரில் பெண்களுக்கென்று தனிப் போட்டி நடத்திற்று. அதற்கு 'உலக' என்ற அடைமொழியை மட்டும் அப்போது கொடுக்கவில்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வெற்றி பெற்றவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 1908-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றதோடு, கணவருடன் ஜோடியாக ஆடி வெண்கலமும் பெற்றார். ஆண்கள் பிரிவில் தங்கம் பெற்றவர் சால்கோ. ஸ்ரீமதி ஸையர்ஸ் 1917-இல், முப்பத்தைந்தாம் வயதில், காலமானார்.

சால்கோ 1909-இல் ஒரு தாவலைச் செய்து காட்டினார். ஒரு காலின் உள்விளிம்பிலிருந்து எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மறு காலில் இறங்குவது. இன்றும் அதற்கு அவர் பெயர்தான். லண்டன் போட்டி நடந்து நூறு வருஷமான 2002-இல், மிகி ஆண்டோ என்னும் பதினான்கு வயது ஜப்பானியச் சிறுமி, இளையோர் போட்டி ஒன்றில் அதே தாவலை நான்கு சுற்றுக்களோடு செய்தாள். போட்டியில் ஒரு பெண் நான்கு சுற்றுத் தாவியது அதுவே முதல் தடவை.