டிக்கெட் கொள்ளையும் தலைவிதியும்

நமது மதுரைச் சந்தையில் ஒருவர் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கினால் தராசைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. சொத்தைக்காய் விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு காய் போடச் சொல்லுகிறார். அதே மனிதர் தமது குடும்பத்தோடு பாட்டுக் கச்சேரிக்குப் போக எட்டாயிரம், பத்தாயிரம் என்று கொடுத்து டிக்கெட் வாங்கும்போது, அந்த மைதானத்தில் எத்தனை பேருக்கு இடம், எத்தனை டிக்கெட் விற்றிருக்கிறார்கள், கச்சேரி நடக்காவிட்டால் பணம் எப்போது திரும்பி வரும் என்கின்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லுவாரில்லை.

ஏமாந்து வீடு திரும்பினால் என்ன சொல்லுகிறார்? "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்கிறார். கொடுத்தவர் இவர், வாங்கி வைத்துக் கொண்டவர் வேறொருவர். நடுவில் தலைவிதி எங்கே வந்தது என்று கேட்கின்றோம்.

2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பனையூரில் திரு. ஏ.ஆர். ரகுமான் அவர்களின் "மறக்குமா நெஞ்சம்" என்னும் கச்சேரி நடந்தது. ஆகஸ்டு 12-ந் தேதி நடக்க வேண்டியிருந்து, மழையினால் தள்ளி வைக்கப்பட்டது அது. அன்று நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினவர்கள் வாசலைக்கூடத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து அழுதன. பெண்கள் தங்களிடம் கூட்டத்தில் இழிவாய் நடந்துகொண்டார்கள் என்று புகார் சொன்னார்கள். முதலமைச்சரின் வண்டியே போக்குவரத்து நெரிசலில் சிக்கியது. இடத்துக்கு மிஞ்சி ஆட்கள் வந்துவிட்டதாய்ப் போலீசார் சொன்னார்கள். ஏற்பாட்டாளர் மீது வழக்கும் பதிவு செய்தார்கள். பொறுப்பு எங்களுடையதே என்று ஏற்பாட்டாளரும் ஒப்புக்கொண்டார்கள். திரு. ரகுமான் அவர்கள் பகிரங்கமாய் வருத்தம் தெரிவித்து, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

வருத்தம் தெரிவித்தது பெருந்தன்மையே. அதை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் பாடுகிறவர் பெருந்தன்மையுள்ளவராய் இல்லாதிருந்தால் ஜனங்களின் கதி என்ன என்பதுதான் நமது கேள்வி. நம் பணம் நமக்குத் திரும்பி வருவது ஒருவருடைய நல்ல குணத்தைப் பொறுத்ததாயிருந்தால் அதற்குப் பேர் பிச்சை. சட்டத்தைப் பொறுத்ததாயிருந்தால் அதற்குப் பேர் உரிமை. சுயமரியாதையுள்ளவன் எதைக் கேட்க வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, இது சென்னைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 2024 பிப்ரவரி 9-ந் தேதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் திரு. ஹரிஹரன் அவர்களின் கச்சேரி நடந்தபோது தடுப்புகள் முறிந்து, பணம் கொடுத்தவர் பகுதிக்குள் கூட்டம் புகுந்து, பாட்டே நடுவில் நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பர் 22-ந் தேதி, கோல்ட்பிளே என்னும் ஆங்கிலப் பாட்டுக் குழுவின் நவி மும்பைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்பனை திறந்தது. 2,500 ரூபாய் முதல் 35,000 ரூபாய் வரை விலை. லட்சக்கணக்கான பேர் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்க, சிறிது நேரத்தில் எல்லாம் தீர்ந்தது என்றார்கள். அங்கே தீர்ந்துபோன டிக்கெட் வேறு வலைத்தளங்களில் லட்ச ரூபாய்க்கு மேல் கூவி விற்கப்பட்டது. இதைத் தடுக்க விதி வகுக்க வேண்டுமென்று பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் செய்வது சட்டசபையின் வேலை என்று சொல்லி, 2025 ஜனவரியில் கோர்ட்டார் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதாவது, கோர்ட்டாரே கையை விரித்த பிறகு பாக்கியிருப்பது சட்டசபையும் ஜனங்களுமேயாகும்.

மதுரைக்காரருக்கு டிக்கெட் கொள்ளை புதிதல்ல. 1952-ல் தீபாவளிக்குப் "பராசக்தி" படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிய கொட்டகைகளில் ஒன்று என்று பேர் வாங்கினது. அதில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அப்படிப்பட்ட கொட்டகைகள் இருந்த ஊரிலேயே "பிளாக்கில்" டிக்கெட் வாங்காமல் முதல்நாள் படம் பார்த்தவர் எத்தனை பேர்? ஆனால் அந்தக் காலத்து பிளாக் டிக்கெட்காரன் சந்து முனையில் நின்று, போலீஸ்காரன் தலையைக் கண்டால் ஓடினான். இன்றைக்கு அதே வேலையைச் செய்கிறவர்கள் ஓடுவதில்லை. "மறு விற்பனை" என்று மரியாதையான பேர் வைத்து, கமிஷனும் பெற்றுக்கொண்டு, பகிரங்கமாய் நடத்துகிறார்கள். இரண்டு டிக்கெட்டை மடியில் கட்டிக்கொண்டவன் குற்றவாளி. இருபதாயிரம் டிக்கெட்டைக் கைமாற்றி விடுகிறவன் வியாபாரி! இதுதான் நியாயமா?

இந்தக் கொள்ளையில் அதிகம் அடிபடுகிறவர் நம்மைப் போன்ற வெளியூர்க்காரரே. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருந்து ஓர் இளைஞர் சென்னைக் கச்சேரிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக் கொள்ளுவோம். மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். இரண்டு நாள் சம்பளம் போகிறது. பஸ் கட்டணம், ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் சேருகிறது. கச்சேரி தள்ளிப் போனது என்று கடைசி நேரத்தில் சேதி வந்தால், சென்னைக்காரர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். நம்மவர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் பணம் திரும்பி வந்தாலும் பஸ் பணம் வருமா? டிக்கெட் விலைக்கு மேல் "வசதிக் கட்டணம்" என்று பிடித்துக்கொள்ளுகிறார்களே, அதுவாவது வருமா? வசதி யாருக்கு, கட்டணம் யாருக்கு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒன்றேயாகும். கணக்கு மறைக்கப்படுகிறது. மைதானத்தில் இடம் எத்தனை என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே அதிகமாய் விற்கலாம். பொதுஜனங்களுக்கு விற்பனைக்கு வந்தது எத்தனை, கம்பெனிகளுக்கும் வேண்டியவர்களுக்கும் ஒதுக்கினது எத்தனை என்பது தெரியாது. ஆகவே "தீர்ந்தது" என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். முழு விலை எவ்வளவு என்பது கடைசிப் பக்கம் வரையில் தெரியாது. ஆகவே போகப் போக ஏற்றலாம். ஆயிரம் டிக்கெட் அதிகப்படியாய் விற்றால், தலைக்கு 2,000 ரூபாய் வீதம் 20 லட்சம் ரூபாய். விற்றவனுக்கு 20 லட்சம். ஆனால் ஏமாந்தவனுக்கு 2,000 தானே! அந்த 2,000-க்காக எவன் கோர்ட்டு ஏறப் போகிறான் என்கின்ற தைரியத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

சர்க்காருக்கு டிக்கெட்டை எண்ணத் தெரியாதா? நன்றாய்த் தெரியும். 1939-லேயே சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் செய்து, டிக்கெட்டுக்கு டிக்கெட் எண்ணி வரி வாங்கினார்கள். இன்றைக்கும் கச்சேரி டிக்கெட் 500 ரூபாய்க்கு மேற்பட்டால் ஜி.எஸ்.டி. உண்டு. சினிமாக் கொட்டகைக்கு 1955-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் உட்காரலாம் என்பது லைசென்சில் இருக்கிறது. விலைக்கு உச்ச வரம்பும் இருக்கிறது. அது ஒழுங்காய் நடக்கிறதா என்பது வேறு கதை. கச்சேரி மைதானத்துக்கு அந்த அளவுகூட இல்லை. வரி வாங்கும்போது தலையை எண்ணுகிறவர்கள், வாசலில் நெரிபடும்போது எண்ண மறந்துவிடுவது ஏன்?

இதற்குப் பதில் இரகசியமல்ல. பெரிய கச்சேரி என்றால் முன்வரிசை யாருக்கு? அதிகாரிக்கும், அரசியல்வாதிக்கும், அவர் மைத்துனருக்கும் ஓசி பாஸ் வீடு தேடிப் போகிறது என்பது ஊர் அறிந்த விஷயம். கேள்வி கேட்க வேண்டியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டால், பின்வாசலில் நிற்கிறவனுக்காகக் கேட்பது யார்? பழைய நாடகக் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கினவனுக்குத் தரையாவது கிடைத்தது. இன்று பத்தாயிரம் கொடுத்தவனுக்கு நடுரோடு கிடைக்கிறது. இதை நாகரிகம் என்று சொல்லிக்கொள்ளுகிறோம்!

நாம் இப்படி எழுதினால் சிலர் ஆக்ஷேபிப்பார்கள் என்பது தெரியும். "பாட்டு என்ன அரிசியா, பருப்பா? பணம் இருக்கிறவன் போகிறான், இல்லாதவன் சும்மா இருக்கட்டும்" என்பார்கள். பாடுபடுகிறவன் மாதத்தில் ஒரு நாள் சந்தோஷமாயிருக்க ஆசைப்படுவது குற்றமா? அல்லது ஆடம்பரப் பொருள் என்றால் அதில் மோசடி செய்யலாம் என்று சட்டமா? "விலை ஏறுவது வியாபார தர்மம்" என்பார்கள். மேடை போட்டவனும் பாடினவனும் தங்கள் உழைப்புக்கு விலை வைக்கட்டும், நாம் தடுக்கவில்லை. மேடையும் போடாமல், பாடவும் செய்யாமல், டிக்கெட்டைப் பதுக்கி வைத்தவன் பத்துப் பங்கு வைப்பது எந்தத் தர்மம்? "புதுச் சட்டம் வந்தால் புது லஞ்சம் வரும்" என்பார்கள். இது யோசிக்கத் தக்க ஆக்ஷேபணைதான். அதனால்தான் நாம் இன்னுமொரு அதிகாரியையும் இன்னுமொரு அனுமதிச் சீட்டையும் கேட்கவில்லை. கணக்கைப் பகிரங்கப்படுத்தச் சொல்லுகின்றோம். எல்லோர் கண்ணிலும் படுகின்ற கணக்குக்கு லஞ்சம் கொடுத்து யாரைச் சரிக்கட்ட முடியும்?

மற்ற நாட்டார் சும்மா இருக்கவில்லை. யந்திரத்தை ஏவி டிக்கெட்டுகளை மொத்தமாய் அள்ளுவதை அமெரிக்காவில் 2016-லேயே சட்டவிரோதமாக்கினார்கள். ஜப்பானில் 2019 ஜூன் முதல், மறுவிற்பனை கூடாது என்று குறித்துத் தரப்பட்ட டிக்கெட்டை லாபத்துக்கு விற்பதைத் தொழிலாய் வைத்துக்கொள்ளுவது குற்றம். அயர்லாந்தில் 2021-ல் இதே நோக்கத்தோடு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டங்களால் மோசடி அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஏமாந்தவன் தலையில் அடித்துக்கொள்ளாமல் சட்டத்தைக் காட்டிப் பேச முடிகிறது.

ஆகவே நமது சட்டசபையாரை நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. டிக்கெட் விற்பனை திறக்கும் முன்பே மொத்த இடம் எத்தனை, பொதுஜனங்களுக்கு எத்தனை, ஒதுக்கீடும் ஓசி பாசும் எத்தனை என்பதை வகுப்பு வாரியாய் வெளியிட வேண்டும். விற்க விற்க பாக்கிக் கணக்கும் தெரிய வேண்டும்.

2. வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த முழு விலையை முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

3. வாங்கினவர் போக முடியாவிட்டால் வாங்கின விலைக்கே மற்றொருவருக்கு மாற்றிக்கொடுக்க வசதி வேண்டும். அதற்கு மேல் விற்பது குற்றமாக வேண்டும்.

4. கச்சேரி நின்றாலோ, தள்ளிப் போனாலோ, டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாவிட்டாலோ, கேட்காமலேயே முழுப் பணமும் குறித்த நாளுக்குள் திரும்பி வர வேண்டும். அதற்கு ஜாமீனாக ஏற்பாட்டாளர் முன்பணம் கட்டி வைக்க வேண்டும்.

சட்டம் வருகிற வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சென்னையில் ஏமாந்த மதுரைக்காரர் மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வழக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்னும் எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். விலையை மறைத்து வைத்துக் கடைசியில் ஏற்றுவதும், "இன்னும் இரண்டே டிக்கெட்" என்று பொய்யாய் அவசரப்படுத்துவதும் கூடாது என்று 2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட வழிகாட்டு விதிகளிலேயே இருக்கிறது. டிக்கெட்டின் நகலையும், பணம் கொடுத்த ரசீதையும், வாசலில் நின்ற நேரத்துப் படத்தையும் பத்திரமாய் வையுங்கள். தனித்தனியே 2,000 ரூபாய்க்குப் போராட முடியாதவர்கள் பத்துப் பேராய், நூறு பேராய்ச் சேர்ந்து ஒரே மனுவாய்ப் போடலாம். அதற்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

கடைசியாய் நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டை ரசிப்பது வேறு, பாட்டுக்காரருக்குப் பக்தராவது வேறு. பக்தன் கணக்குக் கேட்கமாட்டான், கேட்டவனையும் கோபித்துக்கொள்ளுவான். பனையூரில் வாசலில் நின்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாமல் டிக்கெட்டைக் காட்டிக் கணக்குக் கேட்டார்கள். அதனால்தான் வருத்தமும் வந்தது, பணமும் வந்தது. தலைவிதி என்று இருந்திருந்தால் இரண்டும் வந்திராது. இல்லாத விதியை நெற்றியில் தேடுகிறவர்கள், இருக்க வேண்டிய விதியைச் சட்டப் புத்தகத்தில் எழுதும்படி கேட்கத் தொடங்கினால், இந்தக் கொள்ளை வெகுநாள் நிற்காது என்பது நமது அபிப்பிராயம்.