படத்துக்குக் கீழே ஒரு வரி

கல்லூரியில் வளர்ச்சிப் பொருளாதாரம் கற்பித்த நாள்களில், ஆண்டுதோறும் மாணவர்களிடம் இரண்டு புகைப்படங்களைக் காட்டுவேன். படக்குறிப்புகளை மறைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று எழுதச் சொல்வேன். வெள்ளத்தில் சிக்கியவர்கள் உணவுப் பொருள்களுடன் நடந்து வருகிறார்கள் என்பதே இரண்டுக்கும் பெரும்பாலோர் எழுதும் விடை. பிறகு குறிப்புகளைக் காட்டுவேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா சூறாவளியால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஒன்றில் கருப்பின இளைஞர். அவர் மளிகைக் கடையைக் 'கொள்ளையடித்து' வருவதாக அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் குறிப்பு கூறியது. மற்றொன்றில் வெளிர்நிறத்தவர் இருவர். அவர்கள் கடையிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் 'கண்டெடுத்து' வருவதாக ஏ.எஃப்.பி. நிறுவனத்தின் குறிப்பு கூறியது. யாஹூ செய்தித் தளத்தில் இரண்டும் வெளியானதும், இது இனப் பாகுபாடு என்ற கண்டனம் எழுந்தது.

நிறுவனங்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். இளைஞர் கடைக்குள் சென்று பொருள்களை எடுத்து வந்ததைப் புகைப்படக்காரர் நேரில் கண்டார் என்றது ஒரு தரப்பு. பொருள்கள் கடையிலிருந்து வெள்ளத்தில் மிதந்து வந்தன என்றார் மற்றொரு புகைப்படக்காரர். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அந்தச் சூழல் படத்திலும் இல்லை, குறிப்பிலும் இல்லை. வாசகருக்குக் கிடைத்தவை இரண்டு நிறங்களும் இரண்டு வினைச்சொற்களும்தான். மீதியை அவர் தம் மனத்திலிருந்தே நிரப்பிக்கொண்டார்.

இதை வெறும் மொழிச் சிக்கலாகக் கருத இயலாது. பேரிடரில் சிக்கியவர் பசித்தவர் எனில், அவருக்குப் படகும் உணவும் அனுப்ப வேண்டும். கொள்ளையர் எனில், காவலரை அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று, சுமார் 1,500 காவலர்களை மீட்புப் பணியிலிருந்து விலக்கிக் கொள்ளையைத் தடுக்க அனுப்புமாறு நகர மேயர் உத்தரவிட்டார். அப்போதும் மக்கள் கூரைகளின் மீது காத்திருந்தனர். ஒரு படக்குறிப்புதான் அந்த உத்தரவுக்குக் காரணம் என்று கூற மாட்டேன். ஆனால், பற்றாக்குறையான வளம் யாருக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சில வேளைகளில் ஒரு சொல்லே தீர்மானித்துவிடுகிறது.

ஆட்சியாளர்கள் இதை நன்கு அறிவார்கள். 1943-இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோதும், 'பஞ்சம்' என்று அரசு முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால், பஞ்சகால விதித்தொகுப்பின்படி நிவாரணம் வழங்கும் கடமை ஏற்பட்டிருக்கும். தணிக்கை நிலவிய அந்தச் சூழலில், ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழாசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ், தெருக்களில் பட்டினியால் வீழ்ந்து கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். சொல்ல முடியாததைப் படங்கள் சொல்லின.

எனினும், படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது பசியைக் காட்டும். அரிசியின் விலையைக் காட்டாது. விலை ஏறிய வேகத்துக்கு ஈடாகக் கூலி உயரவில்லை என்பதைப் படம்பிடிக்க எந்தக் கேமராவாலும் இயலாது. அதை விளக்க அமர்த்தியா சென் 1981-இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. படத்துக்குச் சொல் தேவை. அது நேர்மையான சொல்லாக இருக்க வேண்டும் என்பதே சிக்கல்.

இன்று கலவரமோ வெள்ளமோ நேர்ந்த சில மணி நேரத்தில் நம் கைப்பேசிகளில் படங்கள் குவிகின்றன. போலிப் படங்களைக் கண்டு அஞ்சுகிறோம். ஆனால், உண்மையான பழைய படம் ஒன்றின் கீழே புதிய வரி ஒன்றைச் சேர்ப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. அந்த வரி ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கிவிடக்கூடும்.

எனவே, மாணவர்களிடம் கூறியதையே வாசகர்களிடமும் கூறுகிறேன். குறிப்பை விரலால் மறைத்துவிட்டு முதலில் படத்தைப் பாருங்கள். பிறகு குறிப்பைப் படித்து, அதில் உள்ள எந்தச் சொல்லுக்குப் படத்தில் சான்று இல்லை என்று தேடுங்கள். அந்தச் சொல்லுக்கு வேறு சான்று கிடைக்கும்வரை, படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.