பொட்டி ஸ்லோவா? ஃபார்மேட் அப்புறம், முதல்ல மூடியத் திறங்க

போன வாரம் ஆலந்தலையில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போனது மீன் குழம்புக்கு, மாட்டினது கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு. ('கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி'ன்னு பேர் வாங்கின பாவம், வேற என்ன!)

மருமகனோட கேமிங் பொட்டி. கடலுக்குப் போற அத்தான் சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது.

"திடீர்னு ஸ்லோ ஆயிட்டு மாமா. ஜிடிஏ 5 பத்து நிமிஷம் பறக்கு, அப்புறம் படம் நின்னு நின்னு வருது."

கடையில கொடுத்திருக்காங்க. கேள்வியே இல்லாம முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் அடிச்சுக் கொடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்தா மறுபடி அதே கதை. திரும்பப் போனா, "போர்டு போச்சு, புதுசு மாத்தணும்." அக்கா முகத்தைப் பார்க்க முடியல. காற்று பலமா அடிச்சு அத்தான் ஒரு வாரமா கடலுக்குப் போகல.

இங்கதான் எனக்குக் கோபம். பையன் சொன்ன 'பத்து நிமிஷம்'ங்கிற வார்த்தையிலயே பாதி விடை இருக்கு. ஆரம்பத்துல நல்லா ஓடி, போகப் போகத் தளர்ந்தா, முதல் சந்தேகம் சூட்டு மேலதான் வரணும்.

ஹெச்டபிள்யூ மானிட்டர்னு இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டு கேமை ஓட விட்டேன். பொட்டியில இருக்கிறது இன்டெல் ஐ5, பத்தாம் தலைமுறை. அதுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. பத்தாவது நிமிஷம் சரியா 100-ஐத் தொட்டுது. 4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடினது 1-க்குப் பக்கத்துல விழுந்துது.

இது கோளாறு இல்லீங்க, தற்காப்பு. 2001-ல டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ போட்டாங்க. க்வேக் 3 ஓடிட்டு இருக்கும்போதே ஹீட்சிங்க்கைக் கழட்டிடுவாங்க. ஏஎம்டி அத்லான் புகைஞ்சு செத்துப் போச்சு. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு உயிரோட இருந்துச்சு. இன்னிக்கு எல்லா சிப்பும் அப்படித் தன்னைக் காப்பாத்திக்கும். அதைத்தான் நாம 'ஸ்லோ'ன்னு திட்டுறோம்.

பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைத் திறந்தேன். ஜன்னலைத் திறந்தா கடல் தெரியிற வீடு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும். ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் அடை மாதிரி அப்பியிருக்கு, காத்து போக வழியே இல்ல. ஊதினா வர்ற சரக்கா அது? பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வச்சுத் தேய்ச்சு எடுத்தேன். சிப் மேல இருந்த பேஸ்ட் சுண்ணாம்பா காஞ்சிருந்துது, புதுசு தடவினேன். செலவு சில நூறு ரூபாய். அதே கேம், ஒரு மணி நேரம், 70 டிகிரி தாண்டல.

பார்த்துக்கிட்டிருந்த அத்தான் சிரிச்சார். "கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணி விட்டு அலசுவோம். இதுக்கு அந்த புத்தி வரலியே."

அதனால என் கட்சி இதுதான். எப்ப ஸ்லோ ஆகுதுன்னு முதல்ல கவனிங்க. அடுத்து சூடு பாருங்க. அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல யார் மெமரியைத் தின்னுறாங்க, டிஸ்க்ல இடம் இருக்கா, கடைசியா என்ன இன்ஸ்டால் பண்ணினீங்க. ஃபார்மேட் கடைசி மருந்து, அதுவும் காப்பி எடுத்த பிறகு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பொட்டி சரியாயிடுச்சு, ஆனா ஆச்சியோட கடைசி கிறிஸ்துமஸ் போட்டோ எல்லாம் அந்த டிஸ்க்லதான் இருந்துது. போன்ல இடம் இல்லேன்னு மாத்தி வச்சது, வேற காப்பி கிடையாது. அது எஸ்எஸ்டி. அழிஞ்ச இடத்தை டிரிம்னு ஒரு வேலை தானே துடைச்சு வச்சிடும். மீட்பு மென்பொருள் ரெண்டு போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் வரல.

"சரி விடு தம்பி"ன்னு அக்கா சொல்லிட்டா. எனக்குத்தான் விட முடியல.

உங்க பொட்டியை எப்ப கடைசியா திறந்து பார்த்தீங்க?