ஒற்றுமைக்காகச் செபித்த ஓர் ஆசிரியர்

நமது ஊரிலே தமையனும் தம்பியுமாகிய இருவர் ஒரு வேலியின் பொருட்டுப் பகைத்துக் கொண்டனர். கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டுவிட்டது என்பதே வழக்கு. ஆண்டுகள் பல கழிந்தன. பேச்சு வார்த்தை இல்லை. ஆயினும் இருவரும் வெள்ளிக்கிழமை தோறும் ஒரே கோயிலுக்குச் சென்று, ஒரே சந்நிதியில் நின்று வணங்குவர். ஒரு நாள் தமையனாரிடம், "இங்கே நின்று என்னதான் வேண்டிக்கொள்கிறீர்கள்?" என்று வினவினோம். "வேறென்ன மாஸ்ரர், தம்பிக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்றுதான்" என்றார். தம்பியாரையும் பின்னொரு நாள் கேட்டோம். "அண்ணருக்கு ஆண்டவன் கண்ணைத் திறக்க வேண்டும்" என்றார் அவர்.

இருவருடைய வேண்டுதலும் சமாதானத்துக்கான வேண்டுதலே; அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேண்டுதலினாலேயே சமாதானம் வராது போயிற்று என்பதை இருவரும் உணர்ந்தாரல்லர்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் பரந்து கிடக்கும் ஒரு பெருஞ் சமயத்தினுள்ளே, பல நூற்றாண்டுகளாக இதே வகையான வேண்டுதல் நடந்து வந்தது. அதனைக் கண்டு மனம் நொந்து, வேண்டும் முறையையே மாற்றியமைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பாப்பரசருமல்லர், மேற்றிராணியாருமல்லர், பாடசாலையிலே மாணாக்கருக்குப் பௌதிகம் கற்பித்த ஓர் ஆசிரியர். அவர் பெயர் போல் கூத்துரியே.

கிறிஸ்தவ சமயத்தின் பிளவுகளை மாணாக்கர் சரித்திர பாடத்தில் படித்திருப்பர். 1054ஆம் ஆண்டில் உரோமாபுரியும் கொன்ஸ்தாந்திநோப்பிளும் ஒன்றையொன்று சபித்துப் பிரிந்தன. 1517இல் ஜெர்மனியிலே மார்ட்டின் லூதர் எழுப்பிய வாதத்திலிருந்து புரட்டஸ்தாந்து சபைகள் தோன்றின. 1534இல் இங்கிலாந்தின் அரசர் தம் நாட்டுத் திருச்சபைக்குத் தாமே தலைவரென்றார். பின்னர் பிரிவுக்குள் பிரிவாகக் கிளைகள் பெருகின. ஆயினும், தாம் பிடிபடுவதற்கு முந்திய இரவிலே யேசுநாதர் தம் அடியார் யாவரும் ஒன்றாயிருக்க வேண்டுமென மன்றாடினார் என்பதை யோவான் சுவிசேஷத்தின் 17ஆம் அதிகாரத்தில் எல்லாச் சபையினரும் வாசித்தே வந்தனர்.

கூத்துரியே 1881ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆந் திகதி பிரான்சு தேசத்து லியோன் நகரிலே பிறந்தார். 1906இல் குருப்பட்டம் பெற்றார். விஞ்ஞானம் பயின்று, அந்நகரிலுள்ள சார்த்ரே கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். கூச்ச சுபாவமுடையவர், மேடையேறிப் பேசிப் புகழ் தேடியவரல்லர். நாற்பது வயது கடக்கும் வரையில் அவரை அறிந்தவர்கள் அவர் வகுப்பு மாணாக்கரும் நண்பர் சிலருமே.

அவர் வாழ்வைத் திருப்பியது புத்தகமன்று, பசித்த வயிறுகள். 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் ருஷ்ய தேசத்தை விட்டு ஓடிவந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் லியோன் நகரை அடைந்தனர். 1923 முதல் கூத்துரியே அவர்களுக்கு உணவும் உறைவிடமும் வேலையும் தேடிக் கொடுப்பதில் ஈடுபட்டார். அவர்களோ கீழைத் திருச்சபையினர், உரோமாபுரியை ஏற்காதவர். ஏட்டிலே "பிரிந்து போனவர்" என்று படித்திருந்த மனிதரை அவர் நேரிற் கண்டார். அவர்களுடைய வழிபாட்டின் ஆழமும், துன்பத்திலே குலையாத பக்தியும் அவர் உள்ளத்தை ஈர்த்தன. தம்மிடமில்லாத செல்வம் சில அவர்களிடமிருப்பதை ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். உதவி செய்யப் போனவர் கடனாளியாய்த் திரும்பினார் என்றே சொல்லலாம்.

1932ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் அமே என்னுமிடத்திலுள்ள துறவிமடத்துக்குச் சென்று சிலகாலம் தங்கினார். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நோக்கத்துடன் லம்பேர் போதுவேன் என்னும் துறவி 1925இல் தாபித்த மடம் அது. அங்கேதான் தமது வாழ்நாட் பணி இன்னதென்று கூத்துரியேக்குத் தெளிவாயிற்று.

கிறிஸ்தவ ஒற்றுமைக்காகச் செபிக்கும் எட்டு நாட்கள் அப்பொழுதே வழக்கில் இருந்தன. 1908இல் அமெரிக்காவில் போல் வாட்சன் என்பவர் ஜனவரி 18 முதல் 25 வரையுள்ள நாட்களை இதற்கென ஒதுக்கினார். வாட்சன் முதலில் அங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த குரு. அடுத்த ஆண்டே தம் குழுவினருடன் கத்தோலிக்கரானவர். ஆகவே அந்தச் செபத்தின் உட்கருத்து, பிரிந்தவர் யாவரும் உரோமாபுரிக்குத் திரும்பி வரவேண்டும் என்பதாயிற்று. கத்தோலிக்கர் அதனை மனமுவந்து சொன்னார்கள். ஆனால் ஒரு ருஷ்யரோ, ஒரு லூதரன் சபையினரோ எப்படிச் சொல்வர்? "நாங்கள் பிழை, நீங்கள் சரி" என்றல்லவா அவர்கள் வேண்ட வேண்டும்? தம்பிக்கு நல்ல புத்தி கேட்ட தமையனாரின் வேண்டுதலைப் போன்றதே இதுவும்.

கூத்துரியே இந்த முடிச்சை அவிழ்த்த விதம் மிக எளிது. யாருடைய வெற்றியையும் கேளாதிருப்போம். கிறிஸ்து எந்த ஒற்றுமையை விரும்புகிறாரோ அதனை, அவர் விரும்பும் காலத்தில், அவர் விரும்பும் வழியாலேயே தரும்படி கேட்போம் என்றார். அத்துடன், ஒவ்வொருவரும் மற்றவருடைய குற்றத்தை நினையாது, பிளவுக்குத் தம் முன்னோரும் தாமும் செய்த பங்கை நினைந்து வருந்தவேண்டும் என்றார். கத்தோலிக்கர் நல்ல கத்தோலிக்கராகவும், புரட்டஸ்தாந்தர் நல்ல புரட்டஸ்தாந்தராகவும், கீழைச் சபையினர் தம் நெறியிலே நல்லவராகவும் உயர உயர, ஒருவரையொருவர் நெருங்குவர் என்பது அவர் துணிபு. மலையின் பல பக்கங்களிலிருந்தும் ஏறுவோர், உச்சியை அணுகுந்தோறும் தமக்குள்ளேயும் அணுகுவதைப் போன்றது இது என்று நமக்குத் தோன்றுகிறது.

1933ஆம் ஆண்டு ஜனவரியில் லியோன் நகரில் மூன்று நாட்கள் இவ்வாறு செபம் நடத்தினார். மறு ஆண்டிலிருந்து எட்டு நாட்கள். 1935இல் தம் கருத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். ஆண்டுதோறும் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டுப் பல தேசங்களுக்கும் அனுப்பினார். 1937லும் 1938லும் இங்கிலாந்து சென்று அங்கிலிக்கன் குருமாரைச் சந்தித்தார். 1937 முதல் கத்தோலிக்கக் குருமாரும் புரட்டஸ்தாந்து போதகரும் ஒன்றுகூடிச் செபித்துச் சமய நுட்பங்களை ஆராயும் சந்திப்புக்களுக்கு வழி செய்தார். அவ்வாறு பிறந்த தொம்பு குழு, அவர் காலத்துக்குப் பின்னரும் தொடர்ந்து, நற்கருணை முதலியவை பற்றி அரிய அறிக்கைகளை வெளியிட்டு வந்திருக்கிறது.

இவையெல்லாம் இலகுவான காலத்தில் நடந்தவையல்ல. கத்தோலிக்கர் பிற சபையினரின் ஒற்றுமைக் கூட்டங்களிற் பங்குபற்றுவதைப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1928ஆம் ஆண்டிலேயே தடுத்திருந்தார். 1948இல் உலகத் திருச்சபைகள் மன்றம் அம்ஸ்டர்டாமில் தாபிக்கப்பட்டபோது கத்தோலிக்க திருச்சபை அதிற் கலந்துகொள்ளவில்லை. இத்தகைய சூழலிலே, ஒருபுறம் "இவர் நம் கொள்கையைக் கைவிடுகிறார்" என்னும் ஐயத்தையும், மறுபுறம் "இது நம்மைப் பிடிக்கும் தந்திரம்" என்னும் ஐயத்தையும் ஏற்படுத்தக்கூடிய பணியையே அவர் மேற்கொண்டார். அவர் தம் திருச்சபையின் போதனை எதனையும் மறுத்தவரல்லர். அதன் கட்டளைக்கு அடங்கியே நடந்தார். கொள்கை வேறுபாடு அற்பமானது என்று அவர் ஒருபோதும் கருதவில்லை. அது பெரிதென்று அறிந்தமையாலேயே, மனிதர் தம் வலிமையினால் அதனைத் தீர்க்க முடியாதென்று கருதினார்.

மகாயுத்த காலத்தில் ஜெர்மானியர் லியோன் நகரைப் பிடித்திருந்தனர். பல தேசத்தவருடனும் கடிதத் தொடர்பு வைத்திருக்கும் ஒருவரை அவர்களது இரகசியப் பொலிசார் எங்ஙனம் நோக்குவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1944ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் கூத்துரியே கைதாகி, மொன்லூக் சிறையில் இரண்டு மாதம் அடைபட்டார். அறுபத்திரண்டு வயது முதியவர். மீண்டு வந்தாரெனினும் உடல் நலம் மீளவில்லை. இருதய நோய் அவரை வாட்டியது. வெளியே நடமாடுதல் அரிதாயிற்று. அவரோ தம் அறையிலிருந்து கடிதங்கள் எழுதுவதை நிறுத்தவில்லை.

உலகின் பல திசைகளிலும், ஒருவரையொருவர் காணாமலே, ஒற்றுமைக்காகச் செபிப்பவர் யாவரையும் "கண்ணுக்குப் புலனாகாத துறவிமடம்" என்று அவர் அழைத்தார். சுவரும் கதவுமில்லாத அந்த மடத்தில், நோயினால் கட்டிலோடு கிடப்பவருக்கும் இடமுண்டு. 1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி அவர் காலமானார்.

விதைத்தவர் விளைவைக் கண்டாரல்லர். அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1959 ஜனவரி 25இல், அதே செப வாரத்தின் இறுதி நாளன்று, பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் பொதுச்சங்கத்தைக் கூட்டும் எண்ணத்தை வெளியிட்டார். அச்சங்கம் 1964 நவம்பரில் கிறிஸ்தவ ஒற்றுமை பற்றிய ஆணையை நிறைவேற்றியது. 1965 டிசம்பர் 7இல், 1054ஆம் ஆண்டின் சாபங்கள் இரு பக்கத்தாராலும் நீக்கப்பட்டன. 1968 முதல் செப வாரத்துக்குரிய ஏடுகளைக் கத்தோலிக்க திருச்சபையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் கூடியே ஆயத்தம் செய்கின்றன. ஒரு சாரார் மட்டுமே சொல்லக்கூடியதாயிருந்த செபம், யாவரும் கூடிச் சொல்லும் செபமாயிற்று.

ஒற்றுமை முழுவதும் கைகூடிவிட்டதா? இல்லை. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பொதுவாக இன்னும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்வதில்லை. ஆனால் பகைவராயிருந்தோர் சகோதரராகப் பேசிக்கொள்கின்றனர். அது சிறு காரியமன்று.

நாம் சைவர். இன்னொரு சமயத்தாரின் வீட்டு விவகாரத்தில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். கோயிற் பிணக்கும் வேலிப் பிணக்கும் பங்காளிப் பகையும் நம்மிடம் இல்லையாயின் அக்கேள்வி பொருந்தும். மாணாக்கர்களே, நீங்கள் யாருடனாவது மனஸ்தாபப்பட்டு ஆண்டவன் முன் நிற்கும் போது, அவருக்கு நல்ல புத்தி வரவேண்டுமென்று கேட்க நா எழும். அப்பொழுது லியோன் நகரத்து இந்தப் பௌதிக ஆசிரியரைச் சற்றே நினையுங்கள். எதிரே நிற்பவரும் உங்களோடு சேர்ந்து சொல்லக்கூடிய வேண்டுதலாக அதனை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

நமது ஊர்த் தமையனாருக்கும் தம்பியாருக்கும் இதனைச் சொல்லிப் பார்த்தோம். தமையனார் நெடுநேரம் பேசாதிருந்தார். வேலி இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் சென்ற தைப்பொங்கலன்று, வேலிக்கு மேலாக ஒரு பொங்கற் சட்டி கைமாறியதை நாம் கண்டோம்.